கூலியும் நிலமும்: இந்திய வேளாண்மையில் ஆண் பெண் ஊதிய வேறுபாட்டின் வட்டார முகங்கள்

முன்னுரை

தென்னிந்தியப் பெண்களின் சமூக நிலை வட இந்தியப் பெண்களின் நிலையைவிட ஓரளவு மேம்பட்டது என்பது ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். டிம் டைசன், மிக் மூர் ஆகிய இருவரும் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்கு வலுவான அடித்தளம் இட்டது. உறவுமுறைத் திருமணம், பிறந்த வீட்டோடு தொடரும் தொடர்பு, வெளியில் நடமாடும் உரிமை, குறைந்த குழந்தைப் பேறு எனப் பல அளவுகோல்களைக் கொண்டு பார்க்கும்போது தெற்கும் வடக்கும் வேறுபட்டு நிற்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். இக்கருத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர், பெண்களின் கூலியும் தெற்கில்தான் ஆண்களின் கூலிக்கு நெருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

உண்மை நிலையோ இதற்கு நேர்மாறானது. வேளாண் கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இந்தியாவின் தென் மாநிலங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. பெண்ணுக்குச் சாதகமானது எனக் கருதப்படும் வட்டாரத்தில் அவளது உழைப்பின் விலை ஆணின் உழைப்போடு ஒப்பிடுகையில் ஏன் தாழ்ந்திருக்கிறது? இவ்வினாவுக்கு அறிஞர்கள் அளித்துள்ள விளக்கங்களைத் தொகுத்துக் காண்பதும், அவற்றின் துணைகொண்டு ஊதிய வேறுபாடு பற்றிய புள்ளிவிவரங்களை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கூலி விகிதமும் வருவாயும்

முதலில் இரண்டு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் தேவையாகிறது. ஒரு நாள் உழைப்புக்குக் கிடைக்கும் தொகை கூலி விகிதம். ஓராண்டில் கைக்கு வந்து சேரும் மொத்தத் தொகை வருவாய். பொதுவாக வெளிவரும் ஒப்பீடுகள் முதலாவதை அளக்கின்றன. படிப்பவரோ இரண்டாவதைப் பற்றி முடிவு கட்டுகின்றனர். இக்குழப்பத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

முதல் மாவட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாயும் பெண்ணுக்கு 250 ரூபாயும் கூலி எனக் கொள்வோம். பெண்ணின் கூலி ஆணின் கூலியில் 83 விழுக்காடு. இரண்டாம் மாவட்டத்தில் ஆணுக்கு 500 ரூபாய், பெண்ணுக்கு 300 ரூபாய். இங்கு விகிதம் 60 விழுக்காடு மட்டுமே. விகிதத்தை மட்டும் நோக்கினால் முதல் மாவட்டமே பெண்ணுக்கு நீதி செய்கிறது என்று தோன்றும். ஆனால் முதல் மாவட்டத்தில் ஆண் ஆண்டுக்கு 200 நாள்களும் பெண் 40 நாள்களும் கூலி வேலைக்குச் செல்கின்றனர் என்றால், ஆணின் வருவாய் 60,000 ரூபாய். பெண்ணின் வருவாய் 10,000 ரூபாய், அதாவது ஆறில் ஒரு பங்கு. இரண்டாம் மாவட்டத்தில் ஆண் 200 நாள்களும் பெண் 150 நாள்களும் உழைத்தால், ஆணுக்கு 1,00,000 ரூபாய், பெண்ணுக்கு 45,000 ரூபாய். கூலி வேறுபாடு மிகுந்த மாவட்டத்தில்தான் பெண்ணின் கையில் பணம் புழங்குகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கூலி விகிதம் வேலைக்குச் செல்லும் பெண்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது; வேலைக்கே செல்லாத பெண்கள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பெண்கள் மிகச் சிலரே கூலி வேலைக்கு வரும் வட்டாரத்தில் விகிதம் நல்லதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே கூலி வேறுபாட்டைப் பெண்களின் உழைப்புப் பங்கேற்போடு சேர்த்தே படித்தல் வேண்டும். அப்பங்கேற்பும் நிலையானதன்று. இந்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஊரகப் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 24.6 விழுக்காடாக இருந்து 2023-24இல் 47.6 விழுக்காடாக உயர்ந்துள்ளது.

நெல் நிலமும் கோதுமை நிலமும்

பெண்ணின் உழைப்புக்கு வட்டாரந்தோறும் தேவை வேறுபடுவதற்கு முதற்காரணம் பயிர். நெல் வேளாண்மையில் நாற்று நடுதல், களையெடுத்தல் ஆகிய இரண்டும் பெரும்பாலும் பெண்களின் பணிகள். அறுவடையிலும் அவர்களுக்குப் பங்குண்டு. உழவு, வரப்பு வெட்டுதல், நீர் பாய்ச்சுதல் முதலியன ஆண்களின் பணிகள். கோதுமை விளையும் வடமேற்குப் பகுதியில் நடவு என்ற பணியே இல்லை. விதை நேராக விதைக்கப்படுகிறது. எனவே அங்குப் பெண் உழைப்புக்கான தேவை இயல்பாகவே குறைவு. பிரணாப் பர்தன் 1974ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, நெல் விளையும் தெற்கிலும் கிழக்கிலும் பெண் குழந்தைகள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மேம்பட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றார்.

மண்ணின் தன்மையும் இதில் பங்கு கொள்கிறது. எலியானா கரான்சா 2014இல் வெளியிட்ட ஆய்வு, வண்டல் கலந்த பொலபொலப்பான மண் ஆழ உழவுக்கு ஏற்றதென்றும், ஆழ உழுத நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வேண்டிய ஆள் தேவை குறைகிறதென்றும் விளக்குகிறது. களிமண் நிலத்தில் இத்தகைய உழவு கடினமாதலால் பெண்களின் உழைப்பு கூடுதலாக வேண்டப்படுகிறது. பொலபொலப்பான மண் மிகுந்த மாவட்டங்களில் வேளாண்மையில் பெண்களின் பங்கு குறைந்தும், குழந்தைகளிடையே பெண்களின் எண்ணிக்கை தாழ்ந்தும் இருப்பதை அவ்வாய்வு காட்டியது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு நேராகப் பெண் குழந்தைகள் ஹரியானாவில் 834 பேரும் பஞ்சாபில் 846 பேரும் இருந்தனர். தமிழ்நாட்டில் 943 பேரும் கேரளத்தில் 964 பேரும் இருந்தனர். கூலி வேறுபாடு குறைவு என்பதைக் கொண்டு ஒரு வட்டாரத்தைப் பெண்ணுக்கு உகந்த இடம் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்வெண்களே சான்று. எனினும் தெற்கைப் பற்றிப் பெருமிதம் கொள்ளவும் இடமில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாட்டரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்க நேர்ந்ததை நாம் அறிவோம். பயிரும் மண்ணும் ஒரு போக்கைத் தூண்டலாம்; எல்லாவற்றையும் அவை தீர்மானிப்பதில்லை.

போசரப்பின் விளக்கம்

டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் எஸ்டர் போசரப், பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கு குறித்து 1970இல் எழுதிய நூலில் இம்முரண்பாட்டுக்கு ஒரு விடை பகர்ந்தார். தெற்கில் பெண்கள் பெருமளவில் கூலி வேலைக்கு வருகின்றனர். ஆகவே அங்கு அவர்களின் கூலி ஆண்களின் கூலியைவிட மிகவும் தாழ்ந்திருக்கிறது என்பதே அவர்தம் கருதுகோள். வடக்கில் பெண்கள் முக்காடிட்டு வீட்டோடு இருப்பது குடும்ப மதிப்பாகக் கருதப்படுவதால் வேலைக்கு வரும் பெண்கள் சிலரே. சிலராக இருப்பதால் அவர்களின் கூலி பெரிதும் தாழ்வதில்லை.

கேட்பதற்கு எளிதாக இருப்பினும் இக்கருதுகோளில் ஓர் ஐயம் எழுகிறது. பெண்கள் கூட்டமாக வேலைக்கு வந்தால் ஆண்களின் கூலியும் அல்லவா குறைய வேண்டும்? இருவரும் ஒரே வேலையைச் செய்யக்கூடியவர்களாயின் உழைப்பாளர் எண்ணிக்கை பெருகும்போது இருவர் கூலியும் ஒருசேரத் தாழும், வேறுபாடு விரியாது. பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்கு முழு மாற்றாக அமையாத இடத்தில்தான் போசரப்பின் விளக்கம் பொருந்தும். நடவும் களையும் பெண்ணுக்கென்றும் ஏரும் மண்வெட்டியும் ஆணுக்கென்றும் வழக்கம் வகுத்திருக்கும் ஊரில், பெண்கள் பெருகினால் நடவுக் கூலி குறையும். உழவுக் கூலி அவ்வளவாகக் குறையாது.

இதனைக் கனிகா மகாஜன், பரத் ராமசுவாமி ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தனர். இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெண்கள் மிகுதியாக வேலைக்கு வருவதால் கூலி தாழ்கிறதா, வேறு காரணங்களால் கூலியும் பங்கேற்பும் ஒருங்கே மாறுகின்றனவா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு அவர்கள் சாதி அமைப்பைக் கருவியாகக் கொண்டனர். உயர்சாதியெனத் தம்மைக் கருதும் குடும்பங்கள் தம் பெண்களைக் கூலி வேலைக்கு அனுப்புவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களில் அத்தடை குறைவு. ஆகவே ஒரு மாவட்டத்தின் சாதி அமைப்பு அங்குக் கூலி வேலைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையை மாற்றுகிறது. இவ்வழியில் கணித்தபோது, வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே கூலி வேறுபாட்டில் காணப்படும் இடைவெளியில் 55 விழுக்காட்டைப் பெண் உழைப்பின் மிகுதியே விளக்குகிறது என்று அவர்கள் கண்டனர்.

எஞ்சிய பகுதியை ஆராயும்போது ஆண்களின் பக்கத்தையும் நோக்க வேண்டியுள்ளது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட கையேட்டின்படி, 2022-23இல் ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். நாட்டின் சராசரி ஏறத்தாழ 346 ரூபாய். தெற்கில் ஆண்களுக்கு வயலைத் தவிர வேறு வழிகள் பல உள. கட்டுமானம், நெசவாலை, பின்னலாடைத் தொழில், போக்குவரத்து, கேரளத்தவர்க்கு வளைகுடா நாடுகள் என அவ்வழிகள் விரியும். வயலை விட்டு அவர்கள் வெளியேறுந்தோறும் எஞ்சிய ஆண்களின் கூலி உயர்கிறது. பெண்களோ சமையல், குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகிய பொறுப்புகளால் ஊரோடு கட்டுண்டிருக்கின்றனர். நடந்து சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய வேலையே அவர்களுக்கு எட்டுகிறது. எனவே ஆணின் கூலி உயர்வதும் வேறுபாடு விரிவதற்கு ஒரு காரணமாகிறது. பெண்ணின் கூலி தாழ்ந்ததால் விரியும் வேறுபாடும், ஆணின் கூலி உயர்ந்ததால் விரியும் வேறுபாடும் எண்ணளவில் ஒன்றாகத் தோன்றினாலும் அவற்றுக்கான தீர்வுகள் வெவ்வேறானவை.

மலாயாத் தோட்டப்புறம்: ஓர் ஒப்பீடு

இத்தொடர்பில் மலேசியத் தமிழர் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களுக்கு இந்தியக் குடிநுழைவுக் குழு தர ஊதியத்தை நிர்ணயித்தது. 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வழங்கப்பட்டன. பகாங் போன்று தொலைவான, வாழ்க்கைச் செலவு மிகுந்த பகுதிகளில் ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு.

வட்டாரத்திற்கு வட்டாரம் தொகை மாறியதையும் விகிதம் மாறாததையும் இங்கு நோக்க வேண்டும். முதல் வகைப் பகுதியில் பெண்ணின் ஊதியம் ஆணின் ஊதியத்தில் 80 விழுக்காடு; இரண்டாம் வகையில் ஏறத்தாழ 79 விழுக்காடு. இந்தியாவில் பயிரும் மண்ணும் சாதியும் வேலை வாய்ப்பும் சேர்ந்து விகிதத்தை மாவட்டந்தோறும் மாற்றின. மலாயாவில் அரசு சார்ந்த ஒரு குழு விகிதத்தை முடிவு செய்ததால் அது எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தது.

மேலும், பால்மரம் வெட்டுதலில் நடவுக்கும் உழவுக்கும் உள்ளது போன்ற பணிப் பிரிவினை இல்லை. ஆணும் பெண்ணும் அதே மரத்தை அதே கத்தியால் வெட்டினர். பணி ஒன்றாக இருந்தும் தர ஊதியம் வேறாக இருந்தது. பெண்ணின் ஊதியம் குடும்பத் தலைவனின் ஊதியத்துக்குத் துணையானது என்ற எண்ணம் ஊதிய ஏற்பாட்டிலேயே பதிந்திருந்ததை இது காட்டுகிறது. உழைப்பின் விளைவுக்கேற்பவே கூலி வேறுபடுகிறது என்னும் வாதத்தை எங்கும் அப்படியே ஏற்க இயலாது என்பதற்கு நம் தோட்டப்புற வரலாறு ஓர் எடுத்துக்காட்டு.

சட்டம் எட்டும் தொலைவு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக வைத்தது. 1976இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அதன் விதிகள் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டன. இச்சட்டங்கள் ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுடைய வேலைக்கோ பால் அடிப்படையில் ஊதியத்தில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றன. ஆனால் நடவைப் பெண்கள் மட்டுமே செய்யும் ஊரில், எந்த ஆணின் கூலியோடு அவர்களின் கூலியை ஒப்பிடுவது? ஒப்பிட ஆளில்லாத இடத்தில் சட்டம் வாயடைத்து நிற்கிறது. பணிப் பிரிவினை எவ்வளவு இறுக்கமாக உள்ளதோ அவ்வளவுக்குக் கூலி வேறுபாடு சட்டத்தின் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் உருவாக்கிய 100ஆம் எண் உடன்படிக்கை இவ்விடத்தில் விரிந்த நோக்குடையது. அது ஒரே வேலை என்று கூறாமல் சம மதிப்புள்ள வேலை என்று கூறுகிறது. இந்தியா அதனை 1958இலும் மலேசியா 1997இலும் ஏற்புறுதி செய்தன. சம மதிப்பு என்னும் அளவுகோலைக் கொண்டால், சேற்றில் நாள் முழுதும் குனிந்து நின்று நாற்று நடும் உழைப்பையும் உழவு உழைப்பையும் திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் எடைபோட இடமேற்படும். உழவு கடினமானது, நடவு எளிதானது என்ற வழக்காறு அளந்து கண்ட முடிவன்று என்பதும் அப்போது வெளிப்படும்.

சட்டத்தால் நேரே இயலாததை வேலைவாய்ப்புத் திட்டமொன்று ஓரளவு செய்து காட்டியது. 2005இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், மக்கள் வழக்கில் நூறு நாள் வேலை எனப்பட்டது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆணுக்கு அக்கூலி வெளிச்சந்தைக் கூலியைவிடக் குறைவாக இருந்த தென் மாநிலங்களில், பெண்ணுக்கு அது கூடுதலாகவோ இணையாகவோ இருந்தது. ஆகவே தமிழ்நாட்டில் அத்திட்ட வேலைநாள்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையதாக அமைந்ததில் வியப்பில்லை. திட்டம் முதலில் செயற்படுத்தப்பட்ட மாவட்டங்களைப் பிற மாவட்டங்களோடு ஒப்பிட்ட மெஹ்தாபுல் ஆசம், பெண்களின் கூலி ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாக உயர்ந்ததையும் ஆண்களின் கூலியில் மாற்றம் மிகச் சிறிதாகவே இருந்ததையும் 2012இல் எடுத்துரைத்தார். செல்வதற்கு வேறோர் இடம் உண்டு என்னும் நிலையே வயலில் பெண்ணின் பேரத்தை வலுப்படுத்தியது எனலாம். 2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் இச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. அப்புதிய ஏற்பாட்டை மதிப்பிடுவோர், நடவுக் காலத்திலும் களையெடுப்புக் காலத்திலும் பெண்களின் கூலி என்னவாகிறது என்பதைத் தனியே கவனித்தல் இன்றியமையாதது.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் மற்றொரு விசை இயந்திரமயமாதல். ஃபர்சானா அஃப்ரிடி, மோனிசங்கர் பிஷ்ணு, கனிகா மகாஜன் ஆகியோர் 1999 முதல் 2011 வரையிலான காலத்தை ஆராய்ந்து, டிராக்டர் உழவு பரவியதால் ஆண்களின் உழைப்பைவிடப் பெண்களின் உழைப்பே மிகுதியாகக் குறைந்ததைக் கண்டனர். உழவு ஆணின் வேலையாயிற்றே, டிராக்டர் வந்தால் ஆணுக்கல்லவா வேலை போகும் என்று தோன்றலாம். ஆனால் ஆழ உழவு களையைக் குறைக்கிறது. களை குறைந்தால் களையெடுக்கும் பெண்ணுக்கு வேலையில்லை. இவ்வாறு வேலை இழந்த பெண்கள் கணக்கிலிருந்து மறையும்போது, மீந்தவர்களின் கூலி விகிதம் உயர்ந்ததுபோல் தோன்றவும் கூடும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். தென்னிந்திய வேளாண்மையில் காணப்படும் மிகுந்த கூலி வேறுபாடு, பெண்கள் வீட்டுக்குள் முடங்கியதால் விளைந்ததன்று; அவர்கள் பெருமளவில் வெளியே வந்தும் ஒருசில பணிகளுக்குள் நெருக்கி நிறுத்தப்பட்டதால் விளைந்தது. வடமேற்கில் காணப்படும் குறைந்த வேறுபாடு சமத்துவத்தின் அடையாளமன்று. பெண்களில் பெரும்பாலோர் கூலிச் சந்தைக்கே வராததன் நிழல் அதில் படிந்துள்ளது. ஆகவே பெண்களை வேலையிலிருந்து விலக்கிக் கூலி விகிதத்தை உயர்த்துவது தீர்வாகாது. அவர்கள் செய்யத்தக்க பணிகளின் வட்டத்தை விரிவாக்குவதும், ஊருக்கு அருகிலேயே மாற்று வேலைகளை உருவாக்குவதும், குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து ஆகியவற்றை எளிதாக்குவதும், பெண்களின் பணிகளைச் சம மதிப்பு என்னும் அளவுகோலால் மீண்டும் எடைபோடுவதுமே பயன்தரும் வழிகள்.

வகுப்பறையில் இப்பொருளைக் கையாளும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம். ஆண் பெண் ஊதிய வேறுபாடு இத்தனை விழுக்காடு என்று மாணவர் ஒருவர் கட்டுரையில் எழுதும்போது, அவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். அளக்கப்பட்டது நாள் கூலியா, ஆண்டு வருவாயா? கணக்கில் சேர்க்கப்படாத பெண்கள் எத்தனை பேர்? இருவரும் செய்த வேலை ஒன்றா, வெவ்வேறா? இவற்றுக்கு விடை தேடிய பின்னரே அவ்விழுக்காட்டைக் கொண்டு ஒரு வட்டாரத்தைப் பாராட்டவோ பழிக்கவோ முற்படுதல் முறையாகும்.